காணாமல் போன ஓர் இலக்கம்

எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் எடைமேடைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த சிறிய கம்பெனியில் வேலை பார்த்தேன். எனக்கு வீடு திருவொற்றியூரில் என்பதால், அங்கே எது பழுதானாலும் என்னைத்தான் அனுப்புவார்கள். அப்படிப் போன ஒரு காலையில்தான் அந்த நிபுணரைச் சந்தித்தேன். யார்டின் தலைமை அலுவலகம் அவரை விமானத்தில் வரவழைத்திருந்தது. வாசலறையில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். எடைமேடை கண்ணெதிரே இருந்தும், எழுந்து போய்ப் பார்க்க அவருக்கு மனமில்லை. வெளியே புழுதி.

அறையின் மூலையில் ஒரு டிரைவரை உட்கார வைத்து, லைசென்ஸைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். சரக்கு கிளம்பிய இடத்தில் முப்பத்தொரு டன் காட்டிய லாரி, இங்கே மூன்று டன் காட்டியதாம். வழியில் சரக்கை விற்றுவிட்டான் என்று நிபுணர் முடிவு கட்டிவிட்டார். காலி லாரியே மூன்று டன்னுக்கு மேல் இருக்கும். சரக்கோடு எஞ்சினையும் விற்றுவிட்டா ஓட்டி வந்தார்?

“சீலு அப்டியே கீது மேடம். நான் இன்னா, காத்தா பூந்து எடுத்தேன்?” என்று டிரைவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நிபுணர் உதட்டைச் சுழித்தார். இந்தப் பக்கத்து ஆட்கள் பேச்சே இப்படித்தான் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். என் வீட்டிலும் இதே பேச்சுதான் என்றேன். அதன் பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தன் போனைப் பார்த்தார்.

எடைமேடை தன் எடையைச் சீரியல் கேபிள் வழியாக ஒவ்வோர் இலக்கமாக அனுப்பும். இலக்கம் வந்ததும், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு இதை வாங்கிக்கொள் என்று புராசசருக்கு ஒரு சைகை போகும். அதுதான் இன்டரப்ட். கணினியின் இயங்குதளத்துக்கு மையமான கெர்னல் அதைச் சட்டென்று கவனிக்காவிட்டால் வந்த இலக்கம் தொலைந்துபோகும். முப்பத்தோராயிரம் கிலோவில் ஒரு சைபர் தொலைந்தால் மூவாயிரத்து நூறு, அதாவது மூன்று டன். அந்தப் பழைய எடைக்கருவியோ சரிபார்க்க எதையும் கூடவே அனுப்புவதில்லை.

கெர்னல் காட்டும் இன்டரப்ட் கணக்கைத் திறந்து பார்த்தேன். புராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் நான்கு கோர்கள் உள்ள கணினியில் எல்லாச் சுமையும் முதல் கோரின் தலையில் இருந்தது. மற்ற மூன்றும் சும்மா இருந்தன. வாசலில் புதிதாக மாட்டிய கேமராக்களின் படங்கள் நெட்வொர்க் கார்டில் கொட்டிக்கொண்டிருந்தன. எடைமேடை அந்த நெரிசலில் சிக்கிக்கொண்டது. சீரியல் இன்டரப்டை மூன்றாவது கோருக்கு மாற்றினேன். கெர்னல் காட்டிய தொலைந்த இலக்கங்களின் எண்ணிக்கை அதோடு ஏறாமல் நின்றது.

நான் டிரைவரின் லாரியை மேடையில் ஏற்றச் சொல்வதற்குள் நிபுணர் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டார். எந்த மாற்றம் செய்தாலும் ரீஸ்டார்ட் செய்வது நல்லது என்றார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். லாரி ஏறியது. மறுபடியும் மூன்று டன்.

கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்டைத் தேடிப் படித்தேன். எல்லா இன்டரப்டையும் முதல் கோரோடு கட்டும் வரி ஒன்று அதில் இருந்தது. கேமரா மாட்டிய அன்றும் நிபுணர்தான் வந்திருந்தாராம்; வேகம் கூட்டுவதற்காக அவரே இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியதாம். அதைப் பெருமையாக வேறு சொன்னார். அந்த வரி என்ன செய்கிறது என்று கேட்டேன். “பெர்ஃபார்மன்ஸ்,” என்றார்.

அதை அழித்து என் வரியை எழுதினேன். இந்த முறை நானே ரீஸ்டார்ட் செய்தேன். லாரியை மறுபடி ஏற்றியதும் முப்பத்தொரு டன் சரியாக வந்தது.

டிரைவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள் என்று நிபுணரிடம் சொன்னேன். அது செக்யூரிட்டியின் வேலை என்றார். செக்யூரிட்டி லைசென்ஸை மேசையில் போட்டார். டிரைவர் அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “திருடன்னு கூவ மட்டும் வாயி வந்துச்சுல்ல,” என்று நிபுணரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டுப் போனார். இனி இந்த யார்டுக்கு லோடு எடுப்பதில்லை என்று தன் முதலாளியிடமும் சொல்லிவிட்டாராம்.

அன்று மாலையே தலைமை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போனது. தன் வழிகாட்டுதலில் பழுது நீங்கியது என்று நிபுணர் எழுதியிருந்தார். அவரையே அந்த யார்டுக்கு நிரந்தர ஆலோசகராக வைத்துக்கொண்டார்கள். யார்டுக்கும் அவருக்கும் நல்ல பொருத்தம்.