இன்னும் சுடவே இல்லை

"செருப்புக்கு மேலயே மாட்டுங்க. கழட்டச் சொல்லல, மாட்டத்தான் சொன்னேன். என்ன முழிக்கிறீங்க, மாமியார் வீட்டுக்கா வந்திருக்கீங்க?"

வெலிகா அக்கா துணி உறைகளை ஜோடி ஜோடியாக, வீடு பார்க்க வந்த விருந்தாளிகளின் காலடியில் வீசுகிறாள். இன்று அகப்பட்டவர் தலைநகர் சோபியாவில் பெரிய மருத்துவராம். முகம் சிவந்தாலும் குனிந்து மாட்டிக்கொள்கிறார். பழைய வீட்டின் கம்பளங்களை வெளிச்செருப்பு தொடக்கூடாது என்பது நகராட்சி போட்ட விதி. அதை இந்தக் குரலில் சொல்லவேண்டும் என்று நகராட்சி சொல்லவில்லை.

எங்கள் மலையூரில் இப்படி ஆறு வீடுகள் காட்சிக்கு இருக்கின்றன. மற்ற வீடுகளில் வழிகாட்டிகள் சிரித்துக்கொண்டே தேக்கரண்டியையும் தொட்டிலையும் காட்டுவார்கள். அக்காவுக்குத் தொட்டிலில் அக்கறை கிடையாது. நேராக மேல்மாடிக் கூடத்துக்கு ஏற்றிவிடுவாள். அங்கே துருக்கியரை எதிர்த்து நடந்த 1876 கிளர்ச்சியில் செத்த ஏழு பேரின் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. கையில் இருக்கும் குச்சியால் ஒவ்வொரு சட்டத்தையும் தட்டுவாள். "இவன் பெரிய வியாபாரி மகன். வயித்துல குண்டு. ரெண்டு நாள் கிடந்தான். கடைசியா பிளம்ஸ் பழம் கேட்டான். மே மாசம், பழத்துக்கு எங்க போறது?" அடுத்த தட்டு. "இவன் தையக்காரன். ஓடும்போது முதுகுல வாங்கினான். முதுகுல வாங்கினான்னு புஸ்தகத்துல எழுத மாட்டாங்க, நான் சொல்றேன்."

ஏழாவது ஆள் செத்ததும் குச்சியைத் தாழ்த்துவாள். விருந்தாளிகள் கை தட்டுவார்கள். அவள் அதற்குள் முதுகைக் காட்டிக்கொண்டு சன்னலைச் சாத்தப் போயிருப்பாள்.

வயது அறுபத்தாறு. கோடையிலும் ஆண்கள் போடும் பழுப்புக் கோட்டுதான், அதில் இரண்டு ஆழமான பைகள். ஃபிளாஸ்க் மூடியில்தான் காபி குடிப்பாள். கண்ணாடிக் குவளையில் தேநீர் கொடுத்தால், "எனக்கென்ன ஜலதோஷமா, கஷாயம் குடிக்க?" என்பாள். யாராவது நல்லபடியாக இருக்கிறேன் என்று சொன்னால் அவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள். ஊருக்குள் அவளுக்கு வாய்க்கொழுப்பு என்று பெயர். அந்தப் பெயருக்கு அவள் பாடுபட்டிருக்கிறாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கை தட்டும் இடங்களில் அவள் கைகள் காலியாக இருக்காது. கல்யாணத்தில் பார்த்தால் இரண்டு தட்டுகளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பள்ளி விழாவில் மடியில் குடை, அதன் மேல் இரண்டு கைகள். ஒன்றும் கிடைக்காவிட்டால் கோட்டுப் பைகள் இருக்கின்றன.

எனக்குக் கடைத்தெருவில், அக்கா குடியிருக்கும் வீட்டுக்கு எதிரே, அச்சு நகல் கடை. விருந்தாளிகளுக்கு ஊர்ப் படம் போட்ட அட்டை, ஊராருக்கு அஞ்சலித் தாள், இரண்டும் ஒரே இயந்திரத்தில்தான் வருகின்றன. எங்கள் நாட்டில் இறந்தவரை எளிதில் மறக்க விடமாட்டார்கள். நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஒரு வருடம், பத்து வருடம் என்று படத்தோடு ஒரு தாள் அடித்து வீட்டு வாசற்கதவில் ஒட்டுவோம். சாதாரணமாகக் கருப்புக் கட்டம், இளம் வயதில் போனவர்களுக்கு நீலக் கட்டம். அக்காவின் கதவில் நீலம்.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் கடைசியில் வந்து என்னோடு சண்டை பிடிப்பாள். "போன வருஷம் 'ஆழ்ந்த துயரத்துடன்'னு போட்டே. ஆழத்த நீ அளந்தியா? எடு அத." படத்தை மட்டும் மாற்றவிடமாட்டாள். அடையாள அட்டைக்கு எடுத்த படம், பையன் முறைத்துக்கொண்டு இருப்பான். இதைவிட நல்ல படம் ஒன்று ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. கிளர்ச்சிக்காரன் உடையில், தொப்பியில் இறகோடு, வாயெல்லாம் பல்லாக. அதை நான் ஒருமுறை எடுத்து நீட்டிவிட்டேன். அடுத்த ஐந்து மாதம் அவள் என் கடை வாசலை மிதிக்கவில்லை.

அக்காவின் பையன் பெயர் யாவோர். ரயில் நிலையத்துக்கும் ஊருக்கும் நடுவே பேருந்து ஓட்டியவன். மே மாதத் தொடக்கத்தில் நாங்கள் கிளர்ச்சியைத் தெருவில் நடித்துக் காட்டுவோம், பார்க்க ஆயிரக்கணக்கில் வருவார்கள். மீசை இருந்த பாவத்துக்கு இருபது வருடம் நான் துருக்கிச் சிப்பாய். குதிரையில் வந்து வெற்றுத் தோட்டா மூன்று சுடவேண்டும். மூன்றாவது வெடிக்குப் பாலத்தடியில் யாவோர் சாகவேண்டும். அவன் சாவதற்கு ஊரில் தனி மதிப்பு. சுழன்று விழுவான், சின்னப் பிள்ளைகள் வீட்டில் அதைப் போலச் செய்து அடி வாங்கும்.

பத்து வருடத்துக்கு முன்னால், நான் துப்பாக்கியைத் தூக்குவதற்குள்ளேயே அவன் விழுந்துவிட்டான். சுழலவும் இல்லை. கூட்டம் குபீரென்று சிரித்தது. பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் நின்றிருந்த வெலிகா அக்கா எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். "டேய் யாவோர், இன்னும் சுடவே இல்லடா! எந்திரிடா சோம்பேறி!" கத்திவிட்டு, தலைக்கு மேல் கைகளைத் தூக்கித் தட்டினாள். ஊரே தட்டியது.

எழுந்திருக்கவில்லை. நாங்களும் நாடகத்தை நிறுத்தவில்லை. நிரலில் மூன்று வெடி என்று இருந்தது, நான் மூன்றையும் வெடித்தேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். குதிரையை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்திருக்கலாம் என்பதுதான் பதில். இருபது நிமிடம் அவன் அப்படியே கிடந்தான். கடைசிக் காட்சியில் கருப்புடைப் பெண்கள் வந்து பிணங்களின்மேல் விழுந்து ஒப்பாரி வைக்கவேண்டும். யாவோருக்குத் தாயாக நடித்த பெண் அவன் கன்னத்தில் கை வைத்தாள். அழுகையை நிறுத்தினாள். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இதயம் என்றார் மருத்துவர். இருபத்தாறு வயது. நான் அன்றே மீசையை எடுத்துவிட்டேன். அடுத்த வருடம் வேறொரு மீசைக்காரர் கிடைத்தார், பாலத்தடியில் விழ வேறொரு ஆளும் கிடைத்தான்.

இந்த வருடம் நகராட்சிப் பண்பாட்டு அலுவலர் காலோயான் வீடு வீடாக வந்தான். யாவோரோடு ஒரே பெஞ்சில் படித்தவன், இப்போது கழுத்துப்பட்டை கட்டுகிறான். வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்களாம். அவர்கள் எடுக்கும் புகைப்படங்களில் எல்லா வாசலிலும் செத்தவர் முகமாக விழுகிறதாம். விழா நாலு நாளும் பெரிய தெருவில் அஞ்சலித் தாள் இருக்கக்கூடாது.

அவன் அக்காவின் வாசலில் நின்று இழுத்து இழுத்துப் பேசியதை என் கடையிலிருந்தே கேட்டேன்.

"நாலே நாலு நாள்தான் அத்தை. அப்புறம் நானே வந்து ஒட்டித் தரேன்."

"பத்தாவது வருஷம்டா. நாளே அந்த நாலுக்குள்ளதான் வருது."

"தெரியும் அத்தை. ஆனா விழா வேற, இது வேற இல்லையா?"

"அப்படியா? நூத்தம்பது வருஷத்துக்கு முந்திச் செத்தவன்னா மாலை. என் பிள்ளைன்னா குப்பையா?"

அவன் அடுத்த வாசலுக்குப் போனான். தெருவில் மற்றவர்கள் அன்று மாலைக்குள் கிழித்துவிட்டார்கள், என் வீட்டில் அப்பாவின் தாள் உட்பட. நான் ஒன்றும் வீரன் இல்லை. அக்கா ஒருத்தியாவது ஒட்டிக்கொண்டு நிற்பாள், நகராட்சியின் முகத்தில் கரி பூசுவாள் என்று மனசுக்குள் காத்திருந்தேன். மறுநாள் காலையில் அவள் வாசலில் முக்காலி போட்டு ஏறி, ஈரத்துணியால் தாளை ஊறவைத்து, கத்தியால் ஒரு மூலைகூடக் கிழியாமல் உரித்து எடுத்தாள். நீயுமா அக்கா என்று கேட்க வாய் வரை வந்துவிட்டது.

உரித்த தாளோடு அவளே கடைக்கு வந்தாள்.

"தம்பி, அந்த ஏழு பேர் படமும் நீ அடிச்சதுதானே? என்ன அளவு?"

சொன்னேன்.

"அதே அளவுல இவன அடி. அதே கெட்டித் தாள். கட்டம் வேணாம், துயரம் வேணாம். பேரு, பொறந்த வருஷம், செத்த வருஷம். அவனுங்களுக்குப் போட்டிருக்கிற மாதிரியே."

"எந்தப் படம் அக்கா?"

"அந்த இறகு வச்சது" என்றாள்.

விழா அன்று காலை பத்து மணிக்கு காலோயான் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தான். நானும் கூட்டத்தோடு உறை மாட்டிக்கொண்டு ஏறினேன். சன்னலுக்கு வெளியே பாலத்தடியில் நாடகத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். வயிற்றில் குண்டு, பிளம்ஸ் பழம், முதுகு. மொழிபெயர்ப்பாளர் ஒரு வாக்கியம் பின்தங்கியே வந்துகொண்டிருந்தார். ஏழாவது சட்டத்தைத் தட்டியவள் குச்சியைத் தாழ்த்தவில்லை. இரண்டடி நகர்ந்து எட்டாவது சட்டத்தைத் தட்டினாள். காலோயானின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அங்கேயே நின்றது.

குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "இவன் பேரு யாவோர். பஸ் ஓட்டினவன். அதோ, அந்தப் பாலத்துக்கு இந்தப் பக்கம் விழுந்தான். இருபத்தாறு வயசு. குண்டு படல. அப்போ இன்னும் சுடவே இல்ல. விழுந்ததப் பாத்து எல்லாரும் கை தட்டினாங்க. பெத்தவளும் தட்டினா."

குச்சியைத் தாழ்த்தினாள். ஊர்க்காரர்கள் நாங்கள் தரையைப் பார்த்தோம். முன்வரிசையில் நின்ற வெளிநாட்டுக் கிழவர் நல்ல மனிதர் போலிருந்தது. கை தட்டியதைச் சொன்ன வாக்கியங்கள் இன்னும் அவர் மொழியில் அவர் காதுக்கு வந்து சேரவில்லை. படங்கள் முடிந்தன என்று மட்டும் புரிந்து, மற்ற வீடுகளில் செய்ததுபோலவே, கைகளைத் தூக்கினார்.

அக்காவின் குச்சி தரையில் விழுந்தது. அவர் கைகள் சேர்வதற்குள் அவள் எட்டி இரண்டையும் பிடித்துத் தன் கைகளுக்குள் வைத்து அழுத்தினாள். அதை எங்கள் ஊர் வழக்கம் என்று எண்ணிக் கிழவர் புன்னகைத்தார். மொழிபெயர்ப்பாளர் கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவள் அந்தக் கைகளை விடவில்லை.