கடற்புல்லுக்குப் பேப்பர் மாற்றியவன்

ஒன்பது வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது: கடற்புல்லுக்குப் பேப்பர் மாற்றுவது.

அக்கா கல்லூரியில் தாவரவியல் படித்தாள். கடற்புல் வகைகளைக் காயவைத்து ஒட்டி, எது எங்கே முளைத்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆவடியில், அப்பாவின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், கடலுக்கு எங்கே போவது? தொண்டிப் பக்கத்திலிருந்து அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நாலு இடத்துப் புல்லை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அன்றே பஸ் ஏறினார். அவர் சொல்லச் சொல்ல அக்கா ஒவ்வொன்றையும் ஒரு செய்தித்தாளில் மடித்து, ஓரத்தில் இடத்தைப் பென்சிலால் குறித்தாள். மேலே பாரத்துக்கு அரிசி டின். தினமும் ஈரப் பேப்பரை எடுத்துக் காய்ந்த பேப்பர் வைக்க நான்.

முதல் நாளே மாற்றினேன். வேலையில் அவ்வளவு சுத்தம். எடுத்த பேப்பரைத் தெருமுனைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றும் முடித்தேன்.

மறுநாள் ஒப்படைக்க வேண்டும் என்றிருந்த மாலையில் அக்கா கேட்டாள்: "ஓரத்துல எழுதியிருந்தேனே, அந்தப் பேப்பர்லாம் எங்கடா?"

செருப்பில்லாமல் ஓடினேன். பேப்பர்க்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு நைனா அழுவுறே? அது அன்னிக்கே கொரட்டூர் பூட்ச்சி. இந்நேரம் எவனாச்சும் அதுல வடை கட்டிக்கினு கீறான்."

திருமுல்லைவாயில் கோயிலில் போய் ஒளிந்து வாழலாம் என்று முடிவுசெய்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வழி தெரியாததால் வீடு திரும்பினேன்.

அக்கா அழுதுகொண்டிருந்தாள். "பேரு புத்தகத்துல இருக்கும்மா. எடுத்த இடம் எழுதலன்னா வாங்கவே மாட்டாங்க. வருஷமே போயிடும்."

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நாடா போல் நீண்டிருந்ததைத் தூக்கினாள்.

"வேர்ல கறுப்பு நாரு பாருடி. இது சேத்துல நிக்கிறது. ஊர்ல எங்க வீட்டுக்குப் பின்னால, அலையடிக்காத இடம். இறங்கினா முழங்கால் வரைக்கும் புதையும்."

ஊசி போல் உருண்டிருந்தது பாம்பனுக்குத் தெற்கே, பாறைகளுக்கு நடுவில் உள்ள மணலில். மயிர் போல் மெலிந்தது ஆறு கடலில் சேரும் இடத்தில்; நீர் வற்றினால் வெளியே தெரியுமாம். அக்கா கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினாள்.

கடைசித் தாளில் முட்டை வடிவத்தில் குட்டிக் குட்டி இலைகள். அம்மா அதை மடியில் வைத்து விரலால் தடவினாள்.

"இது ஆழத்துல. தாத்தா வலையில சிக்கிக்கிட்டு வரும். நாந்தான் ஒண்ணொண்ணா எடுப்பேன்."

அவள் அக்காவிடம் தாளை நீட்டியபோது அதில் ஓர் இலை குறைந்திருந்தது. என் கழுகுக் கண்ணுக்குத் தப்புமா? அது அம்மாவின் மூடிய கைக்குள் இருந்தது.

"மார்க் போயிடும்மா!" என்று அலறி, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இலையைப் பிடுங்கிப் பசை தடவி ஒட்டினேன். அம்மாவின் கை கொஞ்ச நேரம் விரித்தபடியே இருந்தது.

அக்கா நல்ல மார்க் வாங்கினாள். தாள்களைக் கல்லூரி திருப்பித் தரவில்லை. அந்த இலையைக் காப்பாற்றியதே நான்தான் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் வருஷக்கணக்கில் பீற்றிக்கொண்டேன். யாரிடமிருந்து என்று எனக்குத் தோன்றவேயில்லை. அம்மா காப்பியை நீட்டியபடி, "ஆமா, இவன்தான்" என்பாள்.