பாவம் என்ற மூன்றாவது வகை

மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தபோது நான் அலுவலக கேன்டீனில் இருந்தேன். யுகேஜி மிஸ் கன்னடத்தில் பேசினார். விளையாடும்போது என் மகள் ஒரு சிறுமியைப் பிடித்துத் தள்ளிவிட்டாளாம். அந்தக் குழந்தைக்கு முழங்கையில் சிராய்ப்பு. குழந்தைகள் தள்ளிக்கொள்வது சகஜம்தான், அதற்காக மட்டும் அழைக்கவில்லை என்றார். ஏன் தள்ளினாய், நீ கெட்ட பெண்ணா என்று அவர் கேட்டதற்கு, இவள் கொஞ்சமும் கலங்காமல் பதில் சொன்னாளாம்:

"நானு கெட்டவள் அல்ல மிஸ். நானு பாப."

கன்னடத்தில் 'பாப' என்றால் பாவச் செயல். ஐயோ பாவம் என்று இரங்கும்போதும் அதே சொல்தான். தமிழிலும் அப்படித்தானே. மிஸ்ஸுக்கு முதல் அர்த்தம்தான் காதில் விழுந்திருக்கிறது. வீட்டில் யாராவது குழந்தையைப் பாவி என்று திட்டுகிறார்களா, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்று குரலைத் தணித்துக் கேட்டார். எனக்கு முகம் சுட்டது. அந்தச் சொல் எங்கிருந்து போனது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

கல்லூரி நாள்களிலிருந்து நான் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிக்கிறவள். குழந்தை பிறந்த பிறகும் விடவில்லை. அவள் உட்காரப் பழகியதும் என் மடியில் உட்கார்ந்து படம் பார்க்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஆளையும் காட்டி, இவங்க நல்லவங்களா, கெட்டவங்களா என்று கேட்பாள். இரண்டிலும் சேராத ஆள்கள்தான் எனக்கு எப்போதும் பிடித்தவர்கள். பெரியவர்களிடம் ஆன்டிஹீரோ என்று சொல்லிவிடலாம். ஐந்து வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது? "பாவம்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அவளோ உலகத்தில் நல்லவர், கெட்டவர், பாவம் என்று மூன்று வகை உண்டு என எடுத்துக்கொண்டுவிட்டாள். வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசுகிற பிள்ளை. பாவத்தைப் பாப என்று சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறாள்.

விளக்கிச் சொன்னதும் மிஸ்ஸுக்கு நிம்மதி. ஆனால் இந்த வயதுக்கு அந்தப் புத்தகங்கள் வேண்டாம், எடுத்து வைத்துவிடுங்கள் என்றார். வீட்டில் கணவரும் சிரித்துவிட்டு அதையேதான் சொன்னார்.

"கொஞ்ச நாளைக்கு நிறுத்தித்தான் பாரேன். ஒண்ணும் குறைஞ்சிடாது."

யார் எது சொன்னாலும் கேட்டுக்கொள்கிற ரகம் நான். புத்தகங்களைக் கட்டி லாஃப்ட்டில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் போவதில்லை என்று முடிவு செய்தேன். சரஸ்வதிபுரத்தில் ஒரு காபிக் கடையின் மாடியில் காமிக்ஸ் ரசிகர்கள் சிலர் கூடிப் பேசுவோம். அந்த வாரம் என் முறை. எனக்குப் பிடித்த ஆன்டிஹீரோவுக்காக வாதாட வேண்டும், கடைசியில் வாக்கெடுப்பும் உண்டு. அங்கே நான் சொல்வதை யாராவது கட்டாயம் மறுத்துப் பேசுவார்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்களே, அப்படி இல்லை. அதற்காகவே போய்க்கொண்டிருந்தேன்.

மறுநாள் மகள் புத்தகம் கேட்டாள். மேலே வைத்துவிட்டேன் என்றேன். லாஃப்ட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் தள்ளினேன்ல, அதுக்கா?"

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால், தள்ளிவிட்டதைவிடப் புத்தகம்தான் பெரிய குற்றம் என்றாகிவிடும். சமையலறைக்குப் போய், வெட்டிய பீன்ஸையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை போயே தீர்வது என்று தீர்மானித்தேன். பிடிக்கும் பிடிக்கும் என்று சொல்கிறேனே, ஏன் பிடிக்கிறது என்று எனக்கே தெளிவாகத் தெரியாவிட்டால் கட்டிவைத்தது சரிதான். தெரிந்தால் கீழே இறக்க வேண்டும்.

கணவருக்கு அன்று வேலை. மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மேசைக்கடியில் கிரையான்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

நான் தேர்ந்தெடுத்தது புதிதாக வருகிற ஒரு தொடரின் நாயகி. கொடுங்கோலன் ஒருவனைக் கொல்வதற்காக அணையின் மதகை உடைத்தவள். அவன் செத்தான், கீழே இருந்த ஒரு தெருவும் மூழ்கியது. இப்போதைய இதழ்களில் அவள் அந்தத் தெருவிலேயே வாடகைக்குக் குடியேறியிருக்கிறாள். அவள் யாரென்று அங்கே எவருக்கும் தெரியாது.

ஆரம்பிப்பதற்குள் கொள்ளேகாலத்துத் தம்பி குறுக்கிட்டார். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். எதையும் லேசில் ஒத்துக்கொள்ளாதவர்.

"இப்பெல்லாம் கெட்டவனுங்க எல்லாத்துக்கும் சின்ன வயசுல ஒரு நாய்க்குட்டி செத்துப்போயிருக்குதுங்க அக்கா. அதைக் காட்டுனா போதும், நாமளும் அழுதுபோட்டு மன்னிச்சுடறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். வங்கியில் வேலை பார்க்கும் கன்னடக்காரப் பெண்மணி அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். உண்மையை ஒப்புக்கொள்ளாமல் அங்கே குடியிருப்பது வெறும் ஒளிந்துகொள்ளல் என்றார். எனக்கு அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று பட்டது. ஆனாலும் எழுந்த பிறகு உட்கார மனமில்லை.

"நாய்க்குட்டிக் கதை இவளுக்கும் இருக்கு தம்பி. ஆனா அதை ஒரே பக்கத்துல முடிச்சுட்டாங்க. அவளுக்கு என்ன ஆச்சுன்னுதான் எல்லாக் கதையும் கேக்குது. அவளால யாருக்கு என்ன ஆச்சுன்னு இந்தக் கதை கேக்குது. அதனாலதான் எனக்கு இவளைப் பிடிக்குது."

சொல்லி முடித்தபோது என் காலருகே கிரையான் உரசும் சத்தம் கேட்டது. மகளிடம் நான் சொன்னதெல்லாம் முதல் பாதி மட்டும்தான் என்பது அப்போது உறைத்தது. பாவம் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அடுத்த பக்கத்தில் அடிபட்டுக் கிடப்பவர்களைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

தம்பி கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. வாக்கெடுப்பில் நான் தோற்றேன். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு மகளோடு வகுப்புக்கே போனேன். நான் கேட்டுக்கொண்டதும் மிஸ் அந்தச் சிறுமியை அழைத்தார், பிளாஸ்திரி ஒட்டிய கையோடு அவள் வந்தாள். போய்ப் பேசு என்று மகளை முன்னால் விட்டேன். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த நியாயத்தையே இவள் மறுபடியும் சொன்னாள்: "நானு பாப."

அந்தச் சிறுமி முழங்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"நீனல்ல. நானு பாப."

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். என் மகள் திகைத்து நின்றாள். அந்த வகையில் இன்னொருத்தியும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை போலும். உதவிக்கு என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லிக் காப்பாற்ற வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன். அவள் மெதுவாகக் கிட்டே போய், பிளாஸ்திரியை ஒரு விரலால் தொட்டு, "நோவாயித்தா?" என்று கேட்டாள். வலித்ததா என்று. அந்தச் சிறுமி பெருமையோடு தலையாட்டினாள். பிறகு எப்படி வலித்தது, எவ்வளவு ரத்தம் வந்தது என்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தாள். இவள் முழுவதையும் நின்று கேட்டாள்.

நான் மிஸ்ஸிடம் சொன்னேன். புத்தகங்களைத் திரும்பவும் எடுக்கப் போகிறேன், வயதுக்கு ஒவ்வாததை நீக்கிவிட்டுத்தான் காட்டுவேன், ஆனால் இனிமேல் பாதியில் நிறுத்த மாட்டேன் என்று. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். மிஸ் முழுசாகச் சம்மதித்ததாகத் தெரியவில்லை. "நோடோண" என்றார், பார்க்கலாம் என்று.

அன்று மாலை இருவரும் படித்தோம். மதகு உடையும் பக்கத்தில் வழக்கம்போல, இவங்க நல்லவங்களா, கெட்டவங்களா என்று கேட்டாள். நான் பக்கத்தைத் திருப்பாமல் தண்ணீர் புகுந்த தெருவைக் காட்டினேன். ஜன்னல் ஜன்னலாக விரல் வைத்து, இந்த வீட்டில் யார், அந்த வீட்டில் யார் என்று கேட்டுக்கொண்டே போனாள். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று எனக்கு இன்னமும் சந்தேகம் வருகிறது. சந்தேகப்பட்டுக்கொண்டேதான் படித்துக் காட்டுகிறேன்.