மேற்கு ஜன்னல் ஃபேன்

அன்று இருந்தது நான், என் மனைவி, வீட்டுக்காரர், மூன்றே பேர்தான். கப்பல் மாடல்களுக்கு நான் ஏர்பிரஷ்ஷில் பெயின்ட் அடிப்பதால் வீடே நாறுகிறது, காலி செய் என்று வந்திருந்தார். சுனாமிக்குப் பிறகு வேறு வீடு கிடைக்காத நேரம்.

பெயின்ட் நெடியை வெளியே தள்ளக் கிழக்கு ஜன்னலில் ஃபேன் வைத்தபோது கடல்காற்று பெயின்ட்டை எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது உண்மை. அதனால்தான் உப்பளம் பார்த்த மேற்கு ஜன்னலின் கண்ணாடியை எடுத்துவிட்டு, மாடலை உள்ளே வைத்துப் பெயின்ட் அடிக்கும் அட்டைப்பெட்டியோடு ஃபேனை அங்கே மாற்றியிருந்தேன்.

"ஏம்பா, என் சட்டையில ஒரு புள்ளி விழுந்தாலும் நாளைக்கே காலி பண்ணிடணும்" என்று வெளியே போய் ஃபேனுக்கு நேராக நின்றார்.

நான் சிவப்பையே ஊற்றி அடித்தேன். பெயின்ட்டைத் தடுக்க ஃபேனுக்கு முன்னால் செருகிய ஸ்பாஞ்ச் சிவந்தது. வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருந்தது.

"திரும்பி நில்லுங்கண்ணே, முதுகையும் பார்த்துடலாம்" என்றாள் மனைவி.

"சரி, இருந்துக்கோ. ஜன்னல் கண்ணாடிய எடுத்ததுக்கு இருநூத்தம்பது குடு."

ஏற்கெனவே உடைந்திருந்த கண்ணாடி அது. கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். அவர் கணக்கில் என் பாக்கி இன்னும் இருநூற்று ஐம்பது ரூபாய்.