ரோஸி சொன்ன ‘நே’

சென்ற வாரம் பெங்களூர் லிங்கராஜபுரம் வீட்டில் சமையலறை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது, பீட்சாவோடு வரும் ஓரிகானோ பொட்டலங்கள் ஒரு கற்றை அகப்பட்டன. இவற்றை யாரும் தூவிச் சாப்பிடுவதில்லை, தூக்கிப் போடுவதுமில்லை. ஒன்றைக் கிழித்தேன். தூள் பழையதுதான், ஆனால் வாசனை போகவில்லை. ஓரிகானோ என்பது பொட்டலத்திலேயே பிறக்கும் பொருள் என்று பாதி வயது வரை நம்பியிருந்தவன் நான். அது ஒரு செடி என்பதும், ஆட்டின் காலில் மிதிபட்டால் மலையே மணக்கும் என்பதும் ஒரு சின்ன கிரேக்கத் தீவில்தான் தெரிந்தது. அங்கே என் தங்கை ரோஸிக்குப் பின்னால் மூச்சு வாங்க மேடேறிக்கொண்டிருந்தேன்.

ரோஸி நர்ஸ். ஏதென்ஸில் ஒரு முதியவளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளப் போனாள். அந்த அம்மாள் காலமான பிறகும் திரும்பவில்லை, வேறு வேலை தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். இங்கே எங்கள் அம்மா அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாள். அத்திபெலேயில் ஹார்டுவேர் கடை, மனைவியை இழந்தவர், எந்தப் பழக்கமும் இல்லாதவர்.

“போன்ல பேச்செடுத்தா கட் பண்ணிடுறா. நீ நேர்ல போய் ஆமாவா இல்லியான்னு கேட்டுட்டு வா” என்று என்னை அனுப்பினாள் அம்மா. நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் உதவியாசிரியர். செய்தியை நேரில் சரிபார்ப்பது நம் தொழில்தானே என்று பெருமையாக லீவு எழுதிக் கொடுத்தேன். உண்மையில் நான் மேசையை விட்டு எழுந்ததே குறைவு. பிறர் பார்த்து வந்ததைத் திருத்துவதுதான் என் வேலை.

ஏதென்ஸில் பையைக்கூடப் பிரிக்க விடவில்லை ரோஸி. “இங்க ஒரே பேஜாருண்ணா. ஒரு சின்னத் தீவு இருக்கு, நாலு நாள் போய்ட்டு வரலாம்” என்றாள். உடம்புக்கும் நல்லது, பேசவும் வசதி என்று நானும் கிளம்பினேன். அவள் ஏன் அந்தத் தீவைச் சொன்னாள் என்று கேட்கத் தோன்றவில்லை. நிருபராக இருந்திருந்தால் கேட்டிருப்பேனோ என்னவோ.

கப்பலின் பின்பக்கச் சுவர் அப்படியே கீழே சாய்ந்து துறையில் பாலமாக விழுந்தது. அதன் வழியாகக் காய்கறி லாரி, யாரோ தூக்கிய ஒரு மெத்தை, அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் ஒரு பாதிரியார், கடைசியாக நாங்கள் இருவரும் இறங்கினோம். வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் காலண்டரிலேயே பார்த்தவைதான். தெருவில் பதித்த கற்களுக்கு நடுவே ஓடும் கோடுகளையும் யாரோ குனிந்து உட்கார்ந்து சுண்ணாம்பால் வரைந்திருந்தார்கள் என்பது காலண்டரில் தெரியாது. காலில் மிதிபட்டு அழியப்போகிற கோட்டுக்கு அவ்வளவு பொறுமை! கிறிஸ்துமஸுக்கு முன்சுவருக்கு மட்டும் வெள்ளையடித்துவிட்டுப் பின்சுவரை மறந்துவிடும் தெருவிலிருந்து வந்த நான் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

கடலின் நிறத்துக்குச் சொல் தேடி, மனதுக்குள்ளேயே ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தேன். “சும்மா பாருண்ணா. இங்க யாரும் உங்கிட்ட பேப்பருக்கு மேட்டர் கேக்கல” என்றாள் ரோஸி.

கரையோரத்தில் யானிஸ் என்பவருடைய சாப்பாட்டுக் கடை. ஐம்பதைத் தாண்டியவர், அகலமான கைகள், மூக்குக் கண்ணாடி எப்போதும் தலைமயிரில். வெளியே கட்டிய கயிற்றில் ஆக்டோபஸ்கள் ஈரத் துணிபோலக் காய்ந்துகொண்டிருந்தன. முதல் நாள் ரோஸி கை கழுவப் போன நேரத்தில் நானாகவே அவரிடம் மத்தி மீன் இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் புருவத்தை உயர்த்தி முகவாயை மேலே தூக்கினார். நம் ஊரில் அதற்கு ‘என்ன?’ என்று பொருள். காது கேட்கவில்லை போலும் என்று உரக்கக் கேட்டேன். முகவாய் இன்னும் மேலே போனது. இன்னும் உரக்கக் கேட்டேன். பக்கத்து மேசைகள் திரும்பிவிட்டன.

ரோஸி ஓடி வந்தாள். “இல்லேங்கறாருண்ணா. நீ ஏன் மீன் மார்க்கெட்ல நிக்கற மாதிரி கத்துற?”

மறுநாள் அவரே மத்தி வாங்கி வைத்திருந்தார். எலுமிச்சை, எண்ணெய், உப்பு, அந்த ஓரிகானோ, அவ்வளவுதான். மசாலா இல்லாததை மீன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மீன் ஆயிற்று. சாப்பிட்டு முடித்தவனை எழுப்பிவிடும் பழக்கமும் அங்கே இல்லை. நாமாகக் கேட்கும்வரை பில் வராது. கேட்டால் பில்லோடு முலாம்பழமும் வரும். அம்மா கொடுத்தனுப்பிய அச்சு முறுக்கு விமானத்தில் நொறுங்கித் தூளாகியிருந்தது. ரோஸி அந்த டப்பாவை அவர் முன்னால் திறந்து வைத்தாள். அவர் ஸ்பூன் எடுத்துவந்து, கடைசித் தூள்வரை மரியாதையோடு சாப்பிட்டார். அவர் மீசையில் ஒட்டியதைப் பார்த்து ரோஸி சிரித்தாள். இதையெல்லாம் நான் கவனித்தேன், ஆனால் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மதியம் அதே மேசையில், போனில் இருந்த அத்திபெலேகாரரின் படத்தைக் காட்டினேன்.

“நல்லாத்தாண்ணா இருக்காரு” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அம்மாவுக்கு என்ன சொல்லட்டும்?”

“மொதல்ல சாப்பிடு.”

அப்போது யானிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார்ந்தார். ரோஸியைப் பார்த்துக் கிரேக்கத்தில் இரண்டே சொல். கேள்வி என்பது குரலில் தெரிந்தது. அவள் கடலைப் பார்த்தாள். பிறகு “நே” என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், “நே.” அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. உடனே எழுந்து உள்ளே போய்விட்டார்.

கண்டோன்மென்ட் பக்கத்தில் உருது பேசும் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். ‘நை’ என்றால் இல்லை. ஆட்டத்தில் தோற்றதை ஒப்புக்கொள்ளாமல் ரோஸி தரையை உதைத்துக் கத்திய சொல்லும் அதுவேதான். ‘நே’ என்பது அதே சொல்லின் வெளிநாட்டு உச்சரிப்பு என்று என் காது தீர்ப்பெழுதிவிட்டது. கேட்டவர் கண்ணீரோடு எழுந்து போயிருக்கிறார், இன்னும் என்ன ஆதாரம் வேண்டும்? படகுகளுக்குப் பின்னால் போய் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

“இங்க ஒருத்தரு நம்ம ரோஸியக் கேட்டாரும்மா. அவ மொகத்துக்கு நேரா நை சொல்லிட்டா. நீ அத்திபெலேல பேசிடு.”

“மாதாவே!” என்றாள் அம்மா. போனை வைக்கக்கூட மறந்து, பக்கத்து வீட்டைக் கூப்பிடுவது கேட்டது.

திரும்பி வந்தால் மேசை நிறையத் தட்டுகள். யானிஸின் அக்கா சமையலறையிலிருந்து ஓடி வந்து ரோஸியைக் கட்டிக்கொண்டாள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். யானிஸ் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, எனக்குத் தானே ஒயின் ஊற்றினார். நான் நெகிழ்ந்துபோனேன். பெண் மறுத்துவிட்டதற்காக ஊரைக் கூட்டி விருந்து வைக்கும் இனம் எவ்வளவு உயர்ந்த இனம்! நம் ஊரில் இதற்குள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

“பாவம்டீ இந்த மனுஷன். என்ன பெருந்தன்மை பாரு” என்றேன்.

“எதுக்குப் பாவம்?”

“நீதான் நைன்னுட்டியே.”

ரோஸி என்னையே பார்த்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். “ஐயோ அண்ணா! நேன்னா இவங்களுக்கு ஆமா. ரொம்ப நாளாத் தெரிஞ்சவரு, இங்கேயே இருப்பியான்னு கேட்டாரு. ஆமான்னேன்.”

“அப்ப இல்லேன்னா?”

“ஓஹி.”

“அது ஓகே மாதிரியில்ல இருக்கு!”

“நீ பேப்பர்லதான வேலை செய்யறே?” என்று கேட்டவள், என் கையிலிருந்த போனைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். “அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

சொன்னதைச் சொன்னேன். “அம்மா ஒத்துக்கலேன்னா நான் என்னண்ணா பண்ணுவேன்? அவருகிட்ட சொல்லிட்டேனே” என்றாள். அவள் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. கேட்டுச் சொல்ல அனுப்பப்பட்டவன், அந்த நிமிடத்தில் கட்சி மாறினேன்.

பத்திரிகையில் தவறு நேர்ந்தால் உள்பக்கத்து மூலையில் ‘திருத்தம்’ என்று நாலு வரி போடுவோம். அம்மாவிடம் அந்த வசதி இல்லை. நடந்ததை முழுதாகச் சொன்னேன். நெடுநேரம் மறுமுனையில் மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் வந்தது.

“அத்திபெலேகாரங்கள ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வரச் சொல்லிட்டேனேடா.”

“தப்பு என்னுதும்மா.”

“அங்க அவரு வீட்டாளுங்க கிறிஸ்தவங்கதானே?”

“கிறிஸ்தவங்கதான். சிலுவைய மட்டும் வலது தோள் முந்தி, இடது தோள் பிந்திப் போடறாங்க.”

“நீ அதையாவது சரியாப் பாத்தியா, இல்ல அதுவும் தலைகீழா?”

அம்மாவே மறுபடி கேட்டாள்: “என்னன்னு சொன்னா அவ? வாய் தொறந்து சொன்னாளா?”

“ரெண்டு தடவ சொன்னாம்மா.”

மிக்ஸி நின்றது.

“ரெண்டு தடவயா? என் கல்யாணத்துல எங்கிட்ட ஒரு தடவகூட யாரும் கேக்கலடா” என்றாள் அம்மா. “சரி, அத்திபெலேக்கு நான் பேசிக்கறேன். போன அவகிட்ட குடு.”

அவர்கள் பேசியது எனக்குத் தெரியாது. ரோஸி போனோடு சுண்ணாம்புக் கோடு போட்ட அந்தத் தெருவின் மறுகோடிவரை நடந்து போய்விட்டாள்.

யானிஸும் ரோஸியும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். பெரிய கப்பல்கள் வரத் தொடங்கிய பிறகு கடையைத் துறையிலிருந்து மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஆக்டோபஸ் காய்ந்த அந்தக் கயிறு இப்போது இல்லையாம். இங்கே எங்கள் பதிப்பு நின்றுபோனது. அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு கிறிஸ்துமஸ் ஆகிறது.

அம்மாவுக்கு ஊர் என்றால் லிங்கராஜபுரம் மட்டுமே. மற்றவையெல்லாம் வேலை பார்க்கும் இடங்கள். ஏதென்ஸில் இருந்தவரை ரோஸியிடம் ஞாயிறுதோறும் “ஊருக்கு எப்ப வர்ற?” என்று கேட்டுக்கொண்டிருந்தவள், அந்த மதியத்துக்குப் பிறகு ஒருமுறைகூட அப்படிக் கேட்கவில்லை. முதல் வாரமே, நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வெகு சாதாரணமாக விசாரித்தாள்: “ஏண்டி, உங்க ஊர்ல மழை உண்டா?”