உட்கார்ந்தபடியே எடுத்த மூன்று டாக்கிள்

ரக்பி புள்ளிவிவர அறையில் அவளுக்குக் ‘கணக்கம்மா’ என்று பெயர். அதற்கு முன்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் புதைத்து வெள்ளணு எண்ணிக்கொண்டிருந்தவள். “அணுவையே எண்ணிட்டேன், ஆம்பளைங்கள எண்ண முடியாதா? சைஸாவது பெருசு” என்று சொல்லித்தான் இங்கே வந்து சேர்ந்தாள். பந்தோடு ஓடுகிறவனை எதிரணிக்காரன் கட்டிப்பிடித்து மண்ணில் சாய்த்தால் அது ஒரு டாக்கிள். சாய்த்தவனின் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

சர்வதேசப் போட்டியின் இறுதி ஆட்டத்தன்று மழை கொட்டித் தீர்த்தது. ஆட்டம் சூடுபிடிப்பதற்குள் முப்பது பேரும் ஒரே நிறமாகிவிட்டார்கள். முதுகில் எண் இருந்த இடத்தில் சேறு அப்பிக் கிடந்தது. வேறு வழியில்லாமல் தலையைப் பார்த்துத் தட்டினாள். நம் நாட்டு அணியின் ஆறாம் எண், ஏழாம் எண் இருவருக்கும் சுத்த வழுக்கை. மழை கழுவிவிட்ட இரண்டு மண்டைகளும் விளக்கொளியில் ஒரேபோலப் பளபளத்தன.

பத்தொன்பதுக்குப் பதினாறு என்று அந்த அணி தோற்றது. ஆறுதலுக்கு ஒன்று கிடைத்தது: தொடரிலேயே அதிக டாக்கிள் எடுத்தவருக்கான கேடயம், ஏழாம் எண்ணுக்கு. ஆறாம் எண் ஒன்றே ஒன்றில் பின்தங்கியிருந்தான்.

எல்லாம் முடிந்து, பிஸ்கட்டைக் கடித்தபடி வீடியோ பதிவை ஓட்டிப் பார்த்தவள், ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி பின்னால் ஓட்டினாள். முரட்டு ஆட்டத்துக்காக மஞ்சள் அட்டை வாங்கி, பத்து நிமிடம் வெளியே அனுப்பப்பட்ட ஏழாம் எண், எல்லையோரம் நாற்காலியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். அதே நேரத்தில் அவள் கணக்கில் அவன் மூன்று பேரைச் சாய்த்திருக்கிறான். உண்மையில் சாய்த்தவன் ஆறாம் எண்.

மேலாளரிடம் ஓடினாள்.

“கேடயம் குடுத்தாச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. பேசாம வீட்டுக்குப் போ.”

“சார், உக்காந்தபடியே மூணு பேரச் சாய்ச்சிருக்கான் சார்!”

“அப்போ இன்னும் பெரிய வீரன்தானே?”

இந்த ஆளிடம் பேசிப் பிரயோசனமில்லை என்று நேரே வீரர்கள் அறைக்குப் போனாள். கதவைத் தட்டிவிட்டு, பாதிக் கண்ணை மூடிக்கொண்டே நுழைந்தாள். நல்லவேளை, இரண்டு வழுக்கைகளும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டிகளில் கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் கிடந்தன. விஷயத்தைச் சொன்னாள்.

“அப்பவே நெனச்சேன்கா” என்றான் ஏழாம் எண். “மைக்ல என் பேரச் சொன்னதும், அதே பேர்ல வேற எவனாவது இருக்கானான்னு திரும்பிப் பாத்தேன்.”

“இடுப்பு ஒடிஞ்சது எனக்கு, கேடயம் உனக்கு” என்றான் ஆறாம் எண், குளிரில் பல் தந்தியடிக்க.

“எடுத்துக்கோடா. ஆனா எங்கம்மா டிவியப் பாத்து அழுதாங்களாம். அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

கணக்கம்மாதான் ஏழாம் எண்ணின் போனைத் துடைத்து, அம்மாவை அழைத்து, அவன் காதருகே பிடித்தாள். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“அம்மா, அந்தக் கேடயம் எனக்கில்லையாம்.”

“தெரியும்டா. உன்ன வெளிய உக்கார வச்சத ஊரே பாத்துச்சு. அப்புறமும் கூச்சமில்லாம கை நீட்டி வாங்கறியேன்னுதான் அழுதேன்!”

ஆறாம் எண் சிரித்த சிரிப்பில் பாதித் தண்ணீர் தரைக்கு வந்துவிட்டது. கணக்கம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. செருப்பு நனைந்ததைக்கூடக் கவனிக்காமல் சிரித்தாள்.

ஏழாம் எண்ணே கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால், மறுநாள் திருத்திய பட்டியல் வெளியானது. மேலாளர் அவளைப் பிள்ளைகளுக்கான ரக்பி போட்டிக்குத் தூக்கியடித்தார். அவளுக்கு அது தண்டனையாகவே படவில்லை. அங்கே பந்து யாரிடம் இருக்கிறது என்பது பந்தை வைத்திருப்பவனுக்கே தெரியாது. அவள் தப்பாகத் தட்டினாலும் கேட்பாரில்லை.