தொப்பி, காது, நெஞ்சு

ரொக்ஸ்பரோ போகும் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து வந்தவர் ஒரு கல்லூரியின் பேஸ்போல் பயிற்றுநர். கொட்டும் பனியிலும் கம்பளித் தொப்பி போடமாட்டார். அணியின் நீலத் தொப்பிதான். கல்லூரி அந்த அணியைக் கலைத்து, அவரை விளையாட்டுச் சாமான் அறைக்கு அனுப்பிய பிறகும் அதேதான். ஆட்டத்தில் வீரர்களுக்குச் சைகை காட்டிய கை, ரயிலிலும் தொப்பி, காது, நெஞ்சு என்று தொட்டபடியே இருக்கும்.

ஒருநாள் அதற்கு அர்த்தம் கேட்டேன். பிரெஞ்சுக்காரரான அவருடைய அரைகுறை ஆங்கிலம் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாக இப்படித்தான் விழுந்தது:

“முக்கால்வாசி சும்மா, மற்ற அணியைப் பேய்க்காட்டி ஏமாத்த. ஒண்டுதான் உண்மை. எதெண்டு என்ர பெடியளுக்கு மட்டும் தெரியும்.”

“இப்ப ஆருக்குக் காட்டுறியள்?” என்றேன்.

அவருடைய கை மறுபடி தொப்பிக்குப் போனது.

கடைசியாகக் கண்ட அன்று, இறங்கி ரயில் மேடையில் நின்று, என்னைப் பார்த்துத் தொப்பியையும் காதையும் நெஞ்சையும் தொட்டார். ரயில் நகர்ந்தது. நான் கையசைத்தேன். மூன்றில் எது உண்மையென்று எனக்குச் சொல்லவில்லையே, மனிதர்.